மல்லாந்து கிடந்தவை

அன்று காலை அந்த நீச்சல் குளத்தில் மல்லாந்து கிடந்த பூச்சிகள் உயிரோடு இருந்தனவா? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சிராஜுதீன் இருந்திருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். அவர் இல்லாமல் போனதால்தான் இந்தக் கேள்வியே எழுந்தது.

சிராஜ் இறந்த செய்தியைக் கடற்பாலத்தின் மேல் படித்தேன். அக்கரையில் இருக்கும் செபராங் ஜெயாவிலிருந்து தீவுக்கு வேலைக்குப் போகும் எல்லோரையும் போல நானும் காலை நெரிசலில் சிக்கி நின்றிருந்தேன். இரவில் கைப்பேசியை அணைத்து வைப்பது என் வழக்கம். நகராத வரிசையில் அதைத் திறந்தபோது எங்கள் துறையின் குழுவில் செய்திகள் குவிந்திருந்தன. முதல் செய்தி, சிராஜ் நேற்றுப் பிற்பகல் மாரடைப்பில் காலமானார் என்றது. கடைசிச் செய்தி, இரவு இஷா தொழுகைக்குப் பிறகு அடக்கம் நல்லபடியாக முடிந்தது என்றது. இரண்டுக்கும் நடுவில் அவருக்கு நடந்த எல்லாமே நான் இல்லாமல் நடந்து முடிந்திருந்தது. பாலத்தில் திரும்பிப் போக வழி கிடையாது. தீவுக்குப் போய், அன்றைய வகுப்பை எடுத்தேன்.

அவரை அறிந்தவர்களுக்கு இது தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சிராஜ் நீர்ப்பூச்சிகளை ஆராய்ந்தவர். நான் அதே துறையில் புள்ளியியல் கற்பிப்பவள். அவர் கொண்டுவரும் எண்களைச் சந்தேகிப்பது என் வேலை. அந்த வேலையைப் பல ஆண்டுகள் ஒழுங்காகச் செய்தேன். அவர் என்னை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை பாதி, கேலி பாதி. பதிலுக்கு ஒரு நாள் 'டாக்டர் ஐயா' என்றேன். "ஐயால்லாம் வேணாம்லா. கறிச்சட்டி கழுவி வளந்த கைக்கு அது ஒட்டாது" என்றார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய சந்தில் அவர் குடும்பத்துக்கு நாசி கண்டார் சோற்றுக்கடை. அண்ணன் கடையைப் பார்த்துக்கொண்டார். தம்பி பூச்சிகளைப் பார்க்கப் போனார்.

அவருடைய பூச்சி அரிசியைவிடச் சற்றுப் பெரியது. முதுகைக் கீழே வைத்து, வயிற்றை வானத்துக்குக் காட்டி, நீர்ப்பரப்பின் அடியில் தொங்கும். நீளமான இரண்டு பின்னங்கால்களைத் துடுப்புகள்போல விரித்து வைத்திருக்கும். நீரில் சின்ன அதிர்வு எழுந்தால் போதும், பாய்ந்து பிடித்து, குத்தி உறிஞ்சிவிடும். கொசுப்புழு என்றால் அதற்குப் பெரும் விருப்பம். விரலை நீட்டினால் விரலையும் குத்தும். தேனீ கொட்டியதுபோல வலிக்கும். அதற்குத் தமிழில் எல்லோரும் அறிந்த பெயர் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் பேச்சுக்குள் 'மல்லாந்தான்' என்று நான் பெயர் வைத்தேன். சிராஜுக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. "அதுங்க தலைகீழா இல்ல, டாக்டரம்மா. அதுங்களுக்கு வெளிச்சம் இருக்கிற பக்கம் வயிறு. நீங்க மேலேருந்து பாத்துட்டு ஒரு பேர வச்சிடுறீங்க" என்பார். இதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை. பிற்பாடு நடந்தது முழுவதும் இந்த ஒரு பேச்சில்தான் போய் நின்றது.

ஜெலுத்தோங் பக்கத்தில் ஒரு பழைய அடுக்குமாடி. அதன் நீச்சல் குளத்தில் வடிகட்டி பழுதாகிப் பல காலம். மழைத்தண்ணீர் நிரம்பிப் பச்சையாகக் கிடந்தது. அந்தக் கட்டடத்தில் இரண்டு பேருக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தபோது, குடியிருப்போர் குழு குளத்தை மூடிவிட முடிவெடுத்தது. மூடினால் கார் நிறுத்த இடமும் கிடைக்கும். அதற்கு முன் யாரோ பல்கலைக்கழகத்தில் கேட்டுப் பார்க்கச் சொல்ல, சிராஜ் போனார். மாதிரி எடுக்கும் முறையைச் சரிபார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

குழுவின் தலைவர் குணசேகரன், தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பூச்சி என்றாலே அவருக்கு உடம்பு கூசும். குளத்தின் வேலிக்கு வெளியே நின்றுகொண்டுதான் பேசினார். "பாய், தண்ணியப் பாருங்க, ஆத்துப் பாசி மாரி கெடக்கு. கொசு இங்கேருந்துதான்லா வருது."

சிராஜ் நீண்ட கைப்பிடி போட்ட வெள்ளை அகப்பையால் குளத்தின் எல்லா மூலைகளிலும் மொண்டு பார்த்தார். கொசுப்புழு ஒன்றுகூட இல்லை. மல்லாந்தான்கள் நிறைய இருந்தன. யாரும் கொண்டுவந்து விட்டவை அல்ல. தாமாகப் பறந்து வந்து சேர்ந்தவை. அகப்பையைக் கழுவிவிட்டு, "அண்ணே, ஒங்க வீட்டுக்கு ஒரு எட்டு வரலாமா?" என்று கேட்டார்.

குணசேகரன் வீட்டு பால்கனியில் துளசித் தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு இருந்தது. அதில் தேங்கிய நீரில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. சிராஜ் குனிந்து அதைப் பார்த்தார். குணசேகரனின் மனைவிதான் சொன்னார். "ஊரு கொளத்த மூடுறதுக்கு மீட்டிங் போடத் தெரியுது. வீட்டுத் தட்டக் கவுத்து வைக்கத் தெரியல."

அடுத்த கூட்டத்தில் குணசேகரனே எழுந்து நின்றார். "அந்தப் பூச்சிங்க உயிரோட இருக்கிற வரைக்கும் கொளத்துத் தண்ணியத் தொடமாட்டோம், பாய். செத்துப்போச்சுன்னா மண்ணக் கொட்டி மூடிருவோம். சரிதானே?" சிராஜ் சரி என்றார். இருவரும் கைகொடுத்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சு காகிதத்தில் ஏறவில்லை. ஆனாலும் குணசேகரன் அதை மீறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு அந்தக் குளத்தைப் பற்றி எனக்கும் சிராஜுக்கும் நடந்த வாக்குவாதம் முடியவே இல்லை. பெரும்பாலும் அவர் அண்ணன் கடையில், தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும்போது நடக்கும்.

"ஒரே ஒரு குளம். அதை வச்சுக்கிட்டு எதையும் நிரூபிக்க முடியாது" என்பேன்.

"மொதல்ல சாப்பிடுங்க, டாக்டரம்மா."

"பூச்சியையெல்லாம் எடுத்துட்டு, அப்புறம் கொசு வருதான்னு பாருங்க. வந்துச்சுன்னா பூச்சிதான் காரணம்னு நான் ஒத்துக்குறேன்."

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "எங்க கடையில கொழம்ப எடுத்துட்டு ஆளு வர்றாங்களான்னு பாப்போமா, டாக்டர்?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிராஜ் சிரிக்கவில்லை. "எடுத்துட்டா அப்புறம் எங்க வைக்கிறது? வாளியில போட்டா ஒன்ன ஒன்னு தின்னுரும். நீங்க கேக்குற பதில் கெடைக்கும், ஆனா கொளம் போயிரும்" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்தத் தண்ணியில முட்டை போடக்கூடாதுன்னு கொசுவுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒங்களுக்குத்தான் அத்தாட்சி வேணும்" என்றார்.

இப்போதும் என் கருத்து மாறவில்லை. அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம், நிரூபிக்கப்படவில்லை. இறந்துவிட்டார் என்பதற்காக அவர் எண்களுக்குச் சலுகை கொடுத்தால், கோபித்துக்கொள்ளும் முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

கடைசி ஆண்டுகளில் அவரிடம் அந்தக் குளம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. பணி ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. ஆய்வுக்கூடத்தில் அவர் வைத்திருந்த கண்ணாடித் தொட்டிகளை அகற்றிவிட்டு வேறு கருவிகளை வைத்தார்கள். அவருடைய வேலையைத் தொடர எந்த மாணவரும் முன்வரவில்லை. பின்னங்கால்களால் நீந்தும் பூச்சியை நம்பி இன்றைக்கு யார் பட்டப்படிப்பில் சேர்வார்கள்? அவர் குறை சொன்னதில்லை. வாரத்தில் பல நாள் நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு அந்த அடுக்குமாடிக்குப் போவார். வாயிலில் இருக்கும் ஜாகா அவருக்காக ஒரு பிளாஸ்டிக் சாய்வு நாற்காலியைக் குளத்தோரம் போட்டு வைத்திருப்பார். அந்தக் காவலாளியின் பெயர் மாரிமுத்து. சிராஜ் குளத்தைச் சுற்றி வந்து, அகப்பையால் மொண்டு பார்த்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். மாரிமுத்து பால் சேர்க்காத தே ஓ கலக்கிக் கொண்டுவருவார்.

ஒருமுறை நானும் அங்கே போயிருந்தேன். குளத்தில் எதுவும் அசையவில்லை. "எல்லாம் செத்துப்போச்சு போல" என்றேன். அவர் குனிந்து, தண்ணீருக்கு மேல் வலது கையை நீட்டினார். கையின் நிழல் விழுந்த இடத்தில் இருந்தவை எல்லாம் ஒரே சமயத்தில் ஆழத்துக்குப் போய்விட்டன. கையை எடுத்தார். ஒவ்வொன்றாக மேலே வந்து, திரும்பவும் வயிற்றை வானத்துக்குக் காட்டித் தொங்கின. "ஒன்னு செத்துப்போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி கைய நீட்டிப் பாக்கணும், டாக்டரம்மா. சும்மா நின்னு பாத்தா எல்லாமே செத்த மாரிதான் தெரியும்."

அவர் இறந்ததும் அந்த நாற்காலியில்தான். மாரிமுத்து தே ஓவைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பாய் தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று வாயிலுக்குப் போய்விட்டார். வெகுநேரம் கழித்து வந்து பார்த்தபோது தேநீர் வைத்தபடி இருந்தது. மருத்துவமனையில், உயிர் போய் நேரமாகிவிட்டது என்றார்கள். எழுப்பியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். தெரியாது என்றேன். இந்த நினைவஞ்சலியில் அந்தச் சொல்லை நான் இத்தனை தடவை எழுத வேண்டியிருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் வீட்டில் அவருக்காகக் குர்ஆன் கத்தம் ஓதினார்கள். ஓதி முடித்து ஆண்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, அவர் மனைவி ஆயிஷா என்னை உள்ளறைக்கு அழைத்துப் போனார். கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த வெள்ளை அகப்பையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இத வச்சு நான் என்ன செய்யப் போறேன்? நீங்க வச்சுக்குங்க, டாக்டர்."

வாங்கிக்கொண்டேன்.

"அந்தக் கொளம் இருக்கும்ல? அவங்க அதப் பத்தியேதான் பேசுவாங்க. வீட்டுல தண்ணி வரலைன்னா தெரியாது. அந்தக் கொளத்துல தண்ணி கொறஞ்சா தெரியும்." சொல்லிவிட்டு அவரே லேசாகச் சிரித்தார். பிறகு மறுபடியும் கேட்டார். "இருக்கும்ல?"

"இருக்கும்" என்றேன். நான் அப்படி உறுதியாக எதையும் சொல்கிறவள் அல்ல. அன்று சொன்னேன்.

சொன்னதைக் காப்பாற்ற வேண்டும் என்று, அன்று மாலையே குணசேகரனை அழைத்தேன்.

"நானே ஒங்களுக்குப் போன் போடணும்னு இருந்தேன், டாக்டர்" என்றார். "மூணாம் நாள் வரைக்கும் எதையும் தொடக்கூடாதுன்னு கமிட்டியில சொல்லிட்டேன். பாய்க்கு அந்த மரியாதையாவது குடுக்கணும்ல? இன்னிக்குக் காலையில கீழ போயிப் பாத்தேன். வேலிக்கு உள்ள நான் கால் வச்சதே இன்னிக்குத்தான். பாத்தா, ஒன்னு விடாம மல்லாந்து கெடக்கு, டாக்டர். கால விரிச்சிக்கிட்டு, வயித்த மேல காட்டிக்கிட்டு. எனக்கு அழுகையே வந்துருச்சு. பாயோட சேந்து அதுங்களும் போயிருச்சு போல."

கையில் இருந்த அகப்பையைச் சுவரோரம் சாத்தி வைத்தேன்.

"அப்புறம்தான் கொசு மருந்து எண்ணெய ஊத்தினோம். நாளைக்கு மண் லோரி வருது. வாக்கு மாறல, டாக்டர். உயிரோட இருக்கிற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணியத் தொடல நாங்க."

"கையை நீட்டிப் பாத்தீங்களா?"

"எதுக்குங்க?"

அந்தப் பூச்சிகள் எப்போதும் அப்படித்தான் கிடக்கும் என்று சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று இதைப் படிக்கும் சிலருக்குத் தோன்றும். தெரிந்த ஒன்றை மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு வராது. பிறகு, "பாய் ஒரு தடவகூடச் சொல்லலியே, டாக்டர்" என்றார்.

சொல்லவில்லை என்பது உண்மை. யோசித்துப் பார்த்தேன். குழுக் கூட்டங்களில் சிராஜ் எத்தனையோ சொன்னார். அவை என்ன தின்னும், எப்படிக் குத்தும், எப்படி ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் பறக்கும் என்று எல்லாம் சொன்னார். மல்லாந்து நீந்தும் என்று மட்டும் சொல்லவில்லை. மற்ற எல்லோரும் முதல் வரியாகச் சொல்லியிருக்கக்கூடியது அது. அவர் கண்ணுக்கு அவை தலைகீழாக இல்லை. அதனால் அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப நான் பாக்குறப்ப உயிரோடதான் இருந்துச்சா, டாக்டர்?" என்று குணசேகரன் கேட்டார்.

நான் முதலில் எழுதிய கேள்வி இதுதான். உயிரோடு இருந்தால், ஆள் நிழல் பட்டதும் அமிழ்ந்திருக்கும். ஆனால் அன்று காலை வானம் மூடியிருந்தது, நிழலே விழுந்திருக்காது. முந்திய நாள் மாலை பக்கத்துத் தெருவில் கொசு மருந்துப் புகை அடித்திருக்கிறார்கள். அது காற்றில் வந்து குளத்தில் படிந்திருக்கலாம். அப்படியானால் அவை முன்பே செத்திருக்கலாம். உயிருள்ளதும் செத்ததும் ஒரே மாதிரி கிடக்கும் ஓர் உயிரைப் பற்றி, பார்த்த ஒரே சாட்சி பூச்சிக்குப் பயந்தவராக இருக்கும்போது, நான் என்ன முடிவுக்கு வர முடியும்?

"தெரியாதுங்க" என்றேன்.

செத்துவிட்டவரை ஒருவர் தூங்குகிறார் என்று நினைத்தார். ஒருவேளை உயிரோடு இருந்தவற்றை இன்னொருவர் செத்துவிட்டன என்று நினைத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்து அர்த்தம் தேட எனக்கு விருப்பமில்லை. அதில் அர்த்தம் இருப்பதாகவும் நான் நம்பவில்லை. ஒரே இடத்தில், சில நாள் இடைவெளியில் இரண்டும் நடந்தன.

சிராஜிடமிருந்து என்னிடம் என்ன தங்கியிருக்கிறது என்று கேட்டால், கொஞ்சம்தான். கைப்பிடி நீண்ட ஒரு வெள்ளை அகப்பை. நிரூபிக்க முடியாத ஒரு கூற்று. அதை இனி யாரும் நிரூபிக்கப்போவதில்லை. நான் கேட்ட பரிசோதனையின் முதல் பாதி, பூச்சிகளை எல்லாம் எடுத்துவிடுவது, அவர் இறந்த மூன்றாம் நாள் நடந்து முடிந்தது. கொசு வருகிறதா என்று பார்க்கும் மறுபாதிக்குக் குளம் இல்லை. இவற்றோடு, எதையும் செத்துவிட்டது என்று சொல்லுமுன் கையை நீட்டும் பழக்கம். அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அது எவ்வளவு தூரம் பயன்படும் என்பதை மறுநாளே பார்த்தேன். அன்று நடந்ததை எழுதி நிறுத்திக்கொள்கிறேன்.

மறுநாள் நல்ல வெயில். காலையில் அகப்பையோடு அந்த அடுக்குமாடிக்குப் போனேன். மாரிமுத்து வேலிக் கதவைத் திறந்துவிட்டு என்னோடு உள்ளே வந்தார். சாய்வு நாற்காலி மடக்கிச் சுவரில் சாத்தியிருந்தது. தண்ணீர் முழுவதும் எண்ணெய் படர்ந்து பல நிறங்களில் மினுங்கியது. பூச்சிகள் எப்போதும் கிடப்பதைப்போலவே கிடந்தன. குனிந்து கையை நீட்டினேன். நிழல் விழுந்தது. ஒன்றும் அசையவில்லை. ஒவ்வொரு மூலையாகப் போய் நீட்டினேன். மொண்டும் பார்த்தேன்.

"பாயும் இப்பிடித்தான் கைய நீட்டுவாரு" என்றார் மாரிமுத்து. "எதுக்கு மேடம்?"

"உயிர் இருக்கான்னு பாக்க."

அவர் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தன் கையையும் நீட்டினார். எண்ணெயின் மேல் எங்கள் இரண்டு கைகளின் நிழல்களும் கிடந்தன.

"அன்னிக்குப் பாய் படுத்திருந்தப்ப, நானும் இப்பிடிக் கைய நீட்டிப் பாத்திருக்கணும் மேடம்" என்றார்.

வாயிலில் லோரியின் ஹார்ன் சத்தம் கேட்டது. அவர் எழுந்து, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, தடுப்பைத் தூக்கிவிடப் போனார்.